தம்பி மன்னித்துவிட்டான்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டம் தாம்பரம் ரயிலில் ஏறியது. கறிவேப்பிலைக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்த அம்மாள் தோழியிடம் சொன்னார்:

"என்ர மகனைச் சுட்ட ஆமிக்காரரை என்ர தம்பி மன்னிச்சிட்டான்."

பேச்சில் யாழ்ப்பாணம். தோழி இந்தப் பக்கத்துக்காரர். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். காது மட்டும் உள்ளேயே இருந்தது.

"எப்போக்கா?"

"போன கிழமை. கனடாவில சமாதானக் கூட்டமாம். மேடையில பிள்ளையின்ர பேரைச் சொல்லி, ஒரு சிங்கள ஆளைக் கட்டிப்பிடிச்சு அழுதவன். வீடியோ அனுப்பினவன். பிறகு எல்லாரும் கொத்துரொட்டி சாப்பிட்டவையாம்."

"நல்லதுக்குதானேக்கா பண்ணாரு. எத்தன வருஷம் இதையே சுமக்கறது?"

"நல்லதுதான். திரும்பச் சண்டை வேணுமெண்டு ஆர் சொன்னது? என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

குரோம்பேட்டையில் பாதிப் பெட்டி காலியானது.

"அந்தச் சிங்கள ஆளு யாருக்கா?"

"அவரின்ர அக்கான்ர மகன் ஆமியில இருந்தவனாம். எங்கட ஆக்கள் வச்ச கண்ணிவெடியில செத்தவன். அவரும் எங்களை மன்னிச்சிட்டாராம்."

"அந்த அக்கா?"

"அவ இலங்கையில, ஊரோடதானாம்." கன்றின் இலையில் இருந்த தூசியை விரலால் துடைத்தார். "அவவின்ர நம்பரை வாங்கித் தா எண்டு தம்பியைக் கேட்டிருக்கிறன்."

"உங்களுக்குச் சிங்களம் தெரியுமா?"

"தெரியாது." ரயில் தாம்பரத்தில் நுழைந்தது. அவர் கன்றை அணைத்தபடி எழுந்தார். "அவவிட்டயும் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்."