தாத்தா மரத்துப் புள்ளி

இல்லண்ணே, தூண்டில் கம்பு இல்ல. இந்தக் குழாய்க்குள்ள இருக்கறது காகிதம், தொட்டா உதிர்ற வயசு. அதுமேல எதையும் வச்சிராதீங்க. ஆமா, உங்க கால்கிட்ட இருக்கற பையும் என்னுதுதான். இடிக்குதா? அப்படித் தள்ளி விடுங்க. காபெஸ் போற வரைக்கும் இந்த வேன்ல முட்டிய மடக்கிக்கிட்டுத்தான் உக்காரணும், என்ன பண்றது.

நானா? ஸ்ஃபாக்ஸ்ல ஒரு வரைபட ஆபீஸு. ஸ்கேனர் ஓட்டறவன். நீங்க நெனைக்கிற மாதிரி சின்னது இல்ல, கட்டில் அகலத்துக்குக் கண்ணாடி. பழைய நிலப்படத்த அதுமேல கவுத்துப் போட்டு, மடிப்ப நீவி, மூடிய எறக்கணும். கீழ வெளக்கு ஊந்து ஊந்து போகும். பதினேழு வருஷமா அதப் பாத்தே கண்ணு போச்சு. சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

அதுகூடப் பரவால்ல. அப்புறமாத் திரைக்கு முன்னாடி உக்காந்து நகல்ல அழுக்கெடுக்கணும் பாருங்க, அதான் உயிர வாங்கும். எல்லாம் ஜனங்க வீட்ல சுருட்டி வச்சிருந்த படம். எண்ணெக் கறை, டீக் கறை. அறுபது வருஷத்து ஈயெல்லாம் அதுமேலதான் கழிஞ்சிருக்கும். நம்ம அரபி எழுத்துல புள்ளிக்கா பஞ்சம்? எது மையி, எது ஈ கழிஞ்சது, நீங்களே சொல்லுங்க. நாளைக்கு ஐந்நூறு புள்ளி தொடச்சா மனுசனுக்குப் பித்துப் புடிக்காதா?

இந்தக் குழாய்க்குள்ள இருக்கற படத்துல ஒரு ஒலிவ மரம். பக்கத்துல கையெழுத்துல, ஜத்து மரம், தாத்தா மரம்னு. அந்த வீட்டுத் தாத்தா நட்டது. அந்த ‘ஜ’ எழுத்துக்குக் கீழ இருந்த புள்ளி நகல்ல போயிருச்சு. போனா என்ன ஆகும்? ஆங், அதேதான். ‘ஜ’ போயி ‘ஹ’ ஆயிரும், ஹத்து மரம். தோப்புக்கு நடுவுல நின்ன தாத்தா மரம் எல்லை மரமாயிருச்சு.

பக்கத்துத் தோப்புக்காரன் விடுவானா? நகலக் கொண்டுபோய்க் கோர்ட்ல நீட்டிட்டான். எல்லைக்கு இந்தப் பக்கம் நாப்பது மரமும் என்னுதுன்னுட்டான். அந்தத் தாத்தா வீட்டுல மப்ரூக்கான்னு ஒரு விதவை, அந்தம்மா பொழப்பே அந்த நாப்பது மரந்தான். ரெண்டு வருஷமா எங்க ஆபீஸ் படியேறி, எங்க தாத்தா பேர எவன்டா தின்னான்னு கத்திட்டுப் போகும். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கண்ணாடியத் தொடச்சிட்டிருப்பேன்.

தப்புதாண்ணே. வெக்கமாத்தான் இருக்கு.

இப்ப ஜட்ஜு எங்க ஆபீஸ்ல இருக்கற அசலக் கேட்டிருக்காரு. அசல் கிடைக்கலன்னு ஒரு வரி எழுதிக் குடு, கதை முடிஞ்சுதுங்கறான் அந்தத் தோப்புக்காரன். எங்கிட்ட எப்படி வந்து சொன்னான்னா கேக்கறீங்க? ஒரே தட்டுல குஸ்குஸ் தின்னுக்கிட்டே சொன்னான். அவன் பேரு லஸாத், என் பொண்டாட்டியோட அண்ணன். அவன் வீட்டு மாடிலதான் நாங்க குடியிருக்கோம். வாடகைன்னு ஒரு நாள் வாயத் தொறந்ததில்ல, அதையும் சொல்லணும்.

ஆமா, இன்னிக்குத்தான் காபெஸ் கோர்ட்ல விசாரணை. காலைல என் பொண்டாட்டி நஜாத்கிட்ட சொல்லிட்டேன். புள்ளியத் தொடச்சது நாந்தான், அசல எடுத்துட்டுப் போறேன்னு. அவ என் சட்டையெல்லாம் ஒண்ணு விடாம இஸ்திரி போட்டு, அந்தப் பைல அடுக்கிக் குடுத்துட்டா. இனி அந்த மாடிக்கு எங்க திரும்பறது?

கோர்ட்டு வந்ததும் அந்தப் பைய மட்டும் கொஞ்சம் எறக்கி விடுங்கண்ணே. நான் இந்தக் குழாய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கணும்.