பொதுமக்களில் ஒருவர்

அதிகாரி: புது விதிக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்டோமே, மொத்தம் எத்தனை கடிதம் வந்திருக்கும்மா?

டைப்பிஸ்ட்: நாப்பத்தியொண்ணு சார். நாப்பது, புது விதி வேண்டாங்குது. ஒண்ணுதான் வேணுங்குது.

அதிகாரி: அடேங்கப்பா! மக்கள் என்னமா பொங்கி எழுந்திருக்காங்க!

டைப்பிஸ்ட்: மக்களா? நாப்பதும் மனநலக் காப்பகம் நடத்துற முதலாளிங்க சார். ஒரே கடிதம், கையெழுத்து மட்டும் வேற வேற. ஒருத்தர் 'இங்கே உங்கள் காப்பகத்தின் பெயரை எழுதவும்'கிறதைக்கூட அப்படியே விட்டுட்டார்.

அதிகாரி: பாவம், சேவை செய்யறவங்களுக்கு நேரம் ஏது? என்னதான் சொல்றாங்க?

டைப்பிஸ்ட்: நாம சோதனை பண்ணி எழுதுற அறிக்கையை அவங்க வாசல்ல ஒட்டக் கூடாதாம். எத்தனை பேரைக் கட்டிப்போட்டாங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சா... நோயாளிங்க மனசு நொந்துடுமாம்.

அதிகாரி: கட்டினப்போ நோகலை, ஒட்டினா நொந்துடும். நியாயந்தானே!

டைப்பிஸ்ட்: சிரிக்காதீங்க சார்.

அதிகாரி: சரி, அந்த ஒத்தைக் கடிதம்? பேர், முகவரி?

டைப்பிஸ்ட்: 'பொதுமக்களில் ஒருவர்'னு...

அதிகாரி: அப்போ செல்லாது. 'ஆதரவுக் கடிதம் எதுவும் வரவில்லை, விதியைக் கைவிடலாம்'னு அடிச்சுக் கொடுங்க. அஞ்சு மணிக்கு மந்திரி மேசைக்குப் போகணும்.

டைப்பிஸ்ட்: பேர் இல்லைன்னா எழுதினது பொய்யாயிடுமா?

அதிகாரி: யார் சொன்னா? அருமையான கடிதம்மா. பொதுமக்கள்ல ஒருத்தர், ரெண்டு விரல் ஓரம் விட்டு, 'பார்வை'ன்னு போட்டு, நம்ம கோப்பு எண்ணை எழுதியிருக்கார். அந்த எண் இந்த அறையைத் தாண்டினதே கிடையாது. பொதுமக்கள் எவ்வளவு முன்னேறிட்டாங்க பாருங்க!

டைப்பிஸ்ட்: பதினெட்டு வருஷப் பழக்கம் சார்... கை தானா எழுதியிருக்கும்.

அதிகாரி: யார் கை?

டைப்பிஸ்ட்: இங்கே வேலை பாக்கிறவங்க கருத்து எழுதினா... என்ன சார் ஆகும்?

அதிகாரி: விளக்கம் கேட்டு மெமோ வரும். அதையும் நீங்கதான் டைப் அடிக்கணும், வேற ஆள் இல்லை.

டைப்பிஸ்ட்: வேலை போயிடுமா?

அதிகாரி: போகலாம். தண்ணியில்லாத காட்டுக்கு மாத்தலாம். ஆனா பேர் போட்ட கடிதம் ஒண்ணு கையில இருந்தா, 'எதுவும் வரவில்லை'ன்னு என்னால எழுத முடியாது. மணி நாலே முக்கால்.

டைப்பிஸ்ட்: சுலபமா சொல்லிட்டீங்க. உங்களுக்கென்ன...

அதிகாரி: உங்களுக்கு வேண்டியவங்க யாரும்மா காப்பகத்துல இருக்காங்க?

டைப்பிஸ்ட்: என் தம்பி சார். போன மாசம் பாக்கப் போனப்போ ரெண்டு மணிக்கட்டும் புண்ணா இருந்தது. விழுந்துட்டான்னு சொன்னாங்க, நம்பிட்டு வந்தேன். மறுநாள் அந்தக் காப்பகத்தோட சோதனை அறிக்கை டைப் அடிக்க என்கிட்டேயே வந்தது... அவன் கட்டில் எண்ணுக்கு நேரே 'கட்டிப்போட்டது பதினோரு நாள்'னு இருந்தது. அடிச்சு முடிச்சு, மேலே 'ரகசியம்'னு முத்திரை குத்தினதும் நான்தான். பேனாவைக் கொடுங்க சார், பேர் எழுதறேன்.