என் தங்கையின் மரபணுவுக்கு நான் போட்ட கையெழுத்து

அவையைத் தாங்கும் தலைவர் அவர்களே, அறிவில் முதிர்ந்த ஆன்றோர்களே, நிறத்தையும் குரலையும் விலை பேசாமல் பிள்ளைகளுக்கு வாரிக் கொடுத்த தாய்மார்களே, வணக்கம்!

மரபணுவுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கொடுத்தவனிடமே கேட்கிறீர்கள்! சிரியுங்கள் ஐயா, பரவாயில்லை.

காப்புரிமை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். மூன்றாம் மாடி. தட்டச்சுப் பொறிகளின் தாளம், தாள்கட்டுகளின் தூசி, தலைக்குமேல் தள்ளாடும் விசிறி. கீழே தொலைபேசி இணைப்பகத்தில் என் தங்கை. மதியம் மணி அடிக்கும். "அண்ணா, சாப்பிட வரியா, இல்ல அதுக்கும் மனு போடணுமா?" அந்தக் குரலுக்கு எங்கள் மாடியே காத்திருக்கும். எப்பேர்ப்பட்ட காலம் அது!

ஒருநாள் ஒரு கம்பெனியின் விண்ணப்பம் வந்தது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு. "இது பிறவியிலேயே உடம்பில் இருப்பதாயிற்றே?" என்றேன். "இருக்கு சார். பிரிச்செடுத்தது நாங்கதானே?" என்றார் அவர்களுடைய வக்கீல். சட்டம் இடம் கொடுத்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஆறாண்டுகள் ஓடின. எங்கள் அம்மாவைக் கொண்டுபோன அதே மார்பகப் புற்றுநோய் அக்காவையும் கொண்டுபோனது. பயந்துபோன தங்கை பரிசோதனைக்குப் போனாள். அதைச் செய்யும் உரிமை அந்த ஒரே கம்பெனிக்கு. ‘உறுதியாகச் சொல்ல இயலாது’ என்று பதில் வந்தது. இன்னொரு லேபுக்கு ஓடினாள். "மெஷின் இருக்கும்மா, ஆளும் இருக்கு. நாங்க தொட்டா கேஸ் போடுவாங்க" என்றார் அங்கிருந்த டாக்டர்.

நேரே என் மேசைக்கு வந்தாள். "என் உடம்புல இருக்கறத பாக்க நான் யாரைண்ணா கேக்கணும்?"

"அந்த உரிமைய அவங்களுக்குக் குடுத்தவனே நான்தான்மா."

அவள் அழவில்லை. "அப்ப தப்புன்னு நீயே போய்ச் சொல்லு."

சொன்னேன் பெரியோர்களே, அந்தக் காப்புரிமையை எதிர்த்து நடந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னேன்! "தங்கச்சிக்காகப் பேச்சை மாத்துறீங்களா?" என்றார் அதே வக்கீல். "ஆமாம். வலி வீட்டுக்குள்ள வந்த பிறகுதான் புரிஞ்சுது" என்றேன்.

தீர்ப்பு வர நான்கு ஆண்டுகள். காப்புரிமை ரத்தானது, அதற்குள் நோய் அவளைப் பிடித்துவிட்டது. அந்த இன்னொரு லேபுக்குத் தன் மகளையும் கைப்பிடித்து அழைத்துப் போனாள். மகளுக்கும் மரபணுவில் அதே பழுது. முன்பே தெரிந்ததால் மகள் பிழைத்தாள். தங்கை அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

மருந்து கண்டவருக்கு உரிமை கொடுங்கள். கருவி கண்டவருக்குக் கொடுங்கள். கண்விழித்த உழைப்புக்குக் கொடுங்கள். கருவிலே வந்ததற்குக் கொடுக்கலாமா? தாய் தந்ததற்குக் கொடுக்கலாமா? முன்னோர் நம் உதிரத்தில் விட்டுச் சென்றதற்குக் கொடுக்கலாமா?

‘கூடாது’ என்கிறீர்கள். இத்தனை பேர் முழங்கும் இந்த ஒரு சொல்லை அன்று நான் ஒருவன் எழுதியிருந்தால், என் தங்கை இன்று இருந்திருப்பாளோ என்னவோ!

ஓர் அண்ணனின் குறையைக் காதுகொடுத்துக் கேட்டீர்கள். நன்றி, வணக்கம்.