விழ வேண்டிய சன்ஷேடு

கிர்ரென்று அலறியது முட்டை வேகவைக்கும் கடிகாரம். என் மேலதிகாரி ஃபங் மேடம் அதன் தலையில் தட்டி அடக்கினார்.

"பத்து நிமிஷம் முடிஞ்சுது, ஆ-ஹோய். நீ இன்னும் கட்டடத்து வாசலுக்கே வரலை."

எனக்குப் பேச்சு எப்போதும் கொஞ்சம் நீளும், இன்ஸ்பெக்டர் மாக். இங்கும் அப்படி நேர்ந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அது மதியச் சாப்பாட்டு நேரத்து ஒத்திகை. கட்டடங்களைச் சோதிக்கும் பட்டயச் சர்வேயர் ஆவதற்கான நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூவரும் தொழிலில் ஊறிய பட்டய உறுப்பினர்கள். நாம் கையாண்ட ஒரு வேலையைப் பத்து நிமிடத்தில் அவர்களுக்கு விளக்க வேண்டும். பிறகு கேள்விகள். நான் இரண்டு முறை தோற்றிருந்தேன். கட்டடத்தைப் பார்ப்பது நான், அறிக்கை எழுதுவது நான். கீழே கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. பட்டயம் இல்லாதவனின் கையெழுத்துக்கு மதிப்பில்லை. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள்கூட என் அறிக்கைகளில் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"ரெண்டே விஷயம்," என்றார் ஃபங் மேடம், நூடுல்ஸ் டப்பாவை மூடியபடி. "'எங்க டீம்'னு சொல்லி ஒளியாதே. நீ என்ன செஞ்சியோ அதைச் சொல்லு. அப்புறம், பொய் மட்டும் வேண்டாம். ஒரு பொய் மாட்டினாலும் அங்கேயே ஃபெயில். மத்ததுல நூத்துக்கு நூறு வாங்கினாலும் காப்பாத்தாது."

நான் விளக்க எடுத்துக்கொண்ட வேலை, ஷாம் ஷுய் போ பேட்டையில் நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய காங்கிரீட் சன்ஷேடு. உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது, ஒரு வருடத்துக்குள் விழுந்துவிடும் என்று எழுதியிருந்தேன். அதை நம்பி வீட்டுக்காரர்கள் இரும்பு முட்டுகள் கொடுத்தார்கள். இரண்டாவது நேர்காணலில் வழுக்கைத் தலை மதிப்பீட்டாளர் ஒருவர் புன்னகையோடு கேட்டார்:

"விழும்னீங்க. ரெண்டு வருஷமா நல்லாத்தானே நிக்குது? கொஞ்சம் பயந்துட்டீங்களோ?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். சத்தமாகக்கூட இல்லை.

அந்தச் சன்ஷேடுக்குக் கீழே ஷிங் அண்ணன் கருமணலில் கஷ்கொட்டை வறுத்து விற்பார். என்னைப் பார்த்தால் விடமாட்டார்.

"வாங்க சர்வேயரே! இன்னிக்காவது விழுமா? நிலாத் திருவிழாவுக்கே விழும்னீங்க, நான் குடை வாங்கி வச்சது வீணாப்போச்சு." சூடான கொட்டைகள் நாலு என் கைக்கு வரும். "சாப்பிடுங்க. அது விழற வரைக்கும் உங்களுக்கு ஓசி."

அவர் நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முட்டுகளை உயர்த்தி நிறுத்தும் திருகுகளை எல்லாம் தளர்த்திப் பார்த்தேன். சன்ஷேடு மயிரிழைகூட அசையவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. திரும்ப இறுக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் ஆரஞ்சுச் சட்டையும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு பட்டப்பகலில் மேலே ஏறினேன். இந்த ஊரில் அந்த உடுப்பைப் பார்த்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டவர் ஷிங் அண்ணன்தான். சுவரோடு சேரும் இடத்தில் காங்கிரீட்டைக் கொத்தி, மேல்வரிசைக் கம்பிகளை மெஷினால் அறுத்தேன். சன்ஷேடைச் சுவரோடு இழுத்துப் பிடித்திருப்பவை அவைதான்.

"பாத்து சர்வேயரே!" என்று கீழிருந்து கத்தினார். "அது விழறதுக்கு முன்னாடி நீங்க விழுந்துடப் போறீங்க!"

காயத்தைச் சிமென்ட் பூசி மூடினேன். இனி பாரம் முழுக்க முட்டுகளின்மேல்.

வேறு என்ன வழிகளை யோசித்தீர்கள் என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். யோசிக்காமல் இல்லை. ஆளில்லாத விடியற்காலையில் விழச் செய்திருக்கலாம். ஆனால் ஆளில்லாத இடத்தில் விழும் காங்கிரீட் வெறும் குப்பை. லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். நான் காப்பாற்ற நினைத்தது உயிர்களை. உயிர் போனால்தானே அது யாருக்கும் புரியும்?

அதனால் ஒரு சனிக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல குளிர். வாணலியைச் சுற்றிக் கூட்டம். முட்டுகளைச் சோதிப்பவன்போல ஒவ்வொரு திருகாகத் தளர்த்திக்கொண்டு வந்தேன். கடைசித் திருகைத் தளர்த்தியதும் சாலையைக் கடந்தேன்.

சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னது.

இரண்டு பெண்கள் அங்கேயே முடிந்துபோனார்கள். ஒருத்தியின் கையில் காகிதப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. ஷிங் அண்ணனின் இடுப்புக்குக் கீழே எல்லாம் காங்கிரீட்டுக்கு அடியில். வாணலி கவிழ்ந்து சுடுமணல் அவர் மார்பில் கொட்டியிருந்தது. சட்டை கருகிக்கொண்டிருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது.

"சர்வேயரே... திருகை... நீங்கதானே..."

பக்கத்தில் மண்டியிட்டேன். முதலுதவி என்று நினைத்து ஜனங்கள் எனக்கு வழி விட்டார்கள். கையுறையைக் கழற்றாமல் அவர் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார், ஏணியைப் பிடித்த அதே கைகளால். பிடி தளரும்வரை நான் எடுக்கவில்லை. ஒரு அம்மாள் எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து, "உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் ஊரு ஓடுது தம்பி," என்று அழுதார்.

அதன்பின் எல்லோரும் என் பழைய அறிக்கையைத் தேடிப் படித்தார்கள். இடிபாட்டை யாரும் நின்று பார்க்கவில்லை.

மூன்றாவது நேர்காணல். பத்து நிமிடத்துக்குள் முடித்தேன். நல்ல விளக்கத்துக்குப் படங்கள் வேண்டும் என்பதால், விழுந்த அன்றே எடுத்த படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டிருந்தேன். வழுக்கைத் தலை இந்த முறை சிரிக்கவில்லை. எழுந்து திரைக்கு அருகில் வந்தார்.

"துருப்பிடிச்சு அறுந்த கம்பி பென்சில் முனை மாதிரி மெலிஞ்சு போயிருக்கும். இது வாழைத்தண்டை நறுக்கின மாதிரி தட்டையா இருக்கே. யாரு வெட்டினது?"

ஃபங் மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு பொய் போதும், எல்லாம் போய்விடும்.

"நான்தான்," என்றேன். டீம் என்று சொல்லவில்லை. திருகுகளைப் பற்றியும் சொன்னேன், ஷிங் அண்ணனைப் பற்றியும் சொன்னேன். மூவரில் ஒரு பெண் மெல்ல எழுந்து வெளியே போனார். எனக்குத் தண்ணீர் கொண்டுவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். வந்தது நீங்கள்.

வருத்தப்படுகிறாயா என்று கேட்கிறீர்கள். எதற்கு? விழ வேண்டியது விழுந்தது. நான் தேதியை மட்டும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன். என் மதிப்பீடு சரி.

இப்போது ஒரு ஃபைலை என் பக்கம் தள்ளுகிறீர்கள்.

"படிச்சுப் பாரு ஆ-ஹோய். சோதனைக்கூடத்துலேர்ந்து வந்திருக்கு. நீ அறுத்த இடத்தைத் தவிர மத்த கம்பியில துருவே இல்லையாம். முட்டே கொடுக்காட்டாலும் இன்னும் முப்பது வருஷம் நின்னிருக்குமாம்."

முழுதும் படித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தின் அடியில்தான் கொஞ்சம் தெளிவில்லை.

"இன்ஸ்பெக்டர், இதுல கையெழுத்துப் போட்டிருக்கறவர்... பட்டய உறுப்பினர்தானா?"