நடுவர் நாற்காலியில் நான் அமர மாட்டேன்

திருக்கல்யாணம் கண்ட கண்களோடு, நெற்றியில் நீறும் நெஞ்சில் நிறைவுமாய்த் திரண்டிருக்கும் காஞ்சிப் பெருமக்களே! விழாக்குழுவின் தலைவர், என் பெருமதிப்பிற்குரிய கலியாணசுந்தரம் ஐயா அவர்களே! இரு அணியாய்ப் பிரிந்து இந்த மேடையை அதிரவைக்கக் காத்திருக்கும் வாதவல்லவர்களே! தறியை விட்டெழுந்து பந்தலுக்கு வந்திருக்கும் பாசமிகு தாய்மார்களே! உங்கள் அனைவர் முன்னும் பள்ளித் தமிழாசிரியன் உதயகுமார் தலைதாழ்ந்து நிற்கிறேன்.

அழைப்பிதழைப் பார்த்திருப்பீர்கள். 'ஜெனீவா சென்று நடுவர் படிப்புப் படிக்கும் நம் ஊர் மருமகள், வழக்கறிஞர் ஏலவார்குழலி அவர்கள் நடுவராக வீற்றிருக்க, மாபெரும் பட்டிமன்றம்!' அந்த ஏலவார்குழலி என் மனைவி. அவள் படிப்பது பன்னாட்டு நடுவர் தீர்ப்புச் சட்டம், முதுநிலைப் படிப்பு. ஒரு நாட்டுக் கம்பெனிக்கும் இன்னொரு நாட்டு அரசுக்கும் தகராறு வந்தால், கோர்ட்டுக்குப் போகாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் உட்கார்ந்து தீர்த்துவைப்பார். அதற்கான சட்டம் அது. நம் ஐயாவின் காதில் விழுந்ததோ 'நடுவர்' என்ற ஒரே ஒரு சொல். பட்டிமன்றம் நடத்தக் கற்றுக்கொள்ளத்தான் கடல் கடந்து போயிருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்!

சிரியுங்கள், சிரியுங்கள். ஐயாவே சிரிக்கிறார். அச்சாகி வந்த பிறகு நான் மெல்ல விளக்கினேன். அவர் அசரவில்லை. “அதுவும் நடுவர்தானேப்பா? பொண்ணு வரலன்னா நீ வந்து குந்து” என்றார். அப்படித்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஒப்புக்கொண்ட பிறகு பார்த்தால் தலைப்பு என்ன? 'இல்லறத்திற்கு அழகு கூடியிருப்பதா? பிரிந்திருந்து உயர்வதா?' உலகில் வேறு தலைப்பே கிடைக்கவில்லையா ஐயா? ஏகாம்பரநாதருக்கும் ஏலவார்குழலி அம்மைக்கும் நடந்த கல்யாணத்தைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். என் ஏலவார்குழலி எங்கே? ஆவணியில் விமானம் ஏறினாள். கார்த்திகை தீபம் அவள் இல்லாமல் எரிந்தது. தைப் பொங்கல் அவள் இல்லாமல் பொங்கியது. பாவு இங்கே, ஊடை அங்கே என்றால் சேலை எப்படி நெய்வது, தாய்மார்களே? இன்னமும் உலையில் இரண்டு பேருக்குத்தான் அரிசி போடுகிறேன்.

நேற்று போனில் பேசினாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு சட்ட நிறுவனத்தில் மூன்றாண்டு வேலை தருகிறார்களாம். நாளை பதில் சொல்ல வேண்டுமாம். தங்குவதா, திரும்புவதா என்று என்னைக் கேட்டாள். நானோ பேச்சை மாற்றி, இந்தப் பட்டிமன்றக் கதையையும் தலைப்பையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“தீர்ப்பு சொல்றவருக்கு அந்த வழக்குல ஒட்டு உறவு எதுனா இருந்தா, முதல்ல அதை வாய்விட்டுச் சொல்லிடணும்ங்க. அப்புறம் எழுந்துடணும். எங்களுக்கு அதான் முதல் பாடமே” என்றாள்.

அவையோரே! எனக்கு ஒட்டு இல்லையா? உறவு இல்லையா? இந்த வழக்கில் நானா நடுவர்? இல்லை! நான் ஒரு தரப்பு! தவிக்கும் தரப்பு! தனித்திருக்கும் தரப்பு! ஆகவே எழுந்துவிட்டேன். ஐயாவே அமர்ந்து தீர்ப்பு வழங்கட்டும்.

அங்கே யாரோ 'வரச் சொல்லுப்பா' என்கிறீர்கள். நல்லது அண்ணே. முன்வரிசையில் என் தங்கை ஜீவிதா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அதில் குழலி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

குழலி! தங்கு என்று சொன்னால் அது பொய். வா என்று சொன்னால் அது தீர்ப்பு. அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டியதை மட்டும் ஊரறியச் சொல்கிறேன். நீ இல்லாமல் என்னால் முடியவில்லை. உன் குரல் போதவில்லை, நீ வேண்டும். இது என் தரப்பு. உன் தரப்பையும் கேட்டுவிட்டு நீயே முடிவு செய். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

பொறுமையாய்க் கேட்ட பெருமக்களே, இனி பட்டிமன்றம் உங்களுடையது. முடிந்து வீடு திரும்பும்போது, கூட வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.