சுவிட்சுக்கு முன்னால் நின்றேன்

எனக்குச் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும் சார். எங்கள் பசைத் தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

கொதிகலனில் இருக்கும் கலவை ஆறுவதற்குள் கெட்டிப்படுத்தும் பொடியைச் சேர்த்தால் பசை பாதி நேரத்தில் தயாராகிவிடும். கண்டுபிடித்தது என் பிரிவு. பல நாடுகளில் கிளை உள்ள கம்பெனி. ஒரு கிளைக்குத் தெரிந்தது எல்லாக் கிளைக்கும் தெரிய வேண்டும் என்பது அவர்களுக்கு வேதவாக்கு. கூலி குறைவான நாட்டிலிருந்து ஓர் இன்ஜினியரை அனுப்பினார்கள். அவன் கற்றுக்கொண்டு போனதும் எங்கள் கிளையை மூடுவதாக ஏற்பாடு. அதை மேனேஜர் என் காதில் மட்டும் போட்டார்.

"மனசோட வச்சுக்குங்க. வெளிய தெரிஞ்சா ஸ்ட்ரைக் ஆயிடும்."

மனசோடு வைத்துக்கொண்டேன்.

இன்ஜினியர் தங்கமான பையன். வந்த கொஞ்ச நாளிலேயே நம் பேச்சைப் பிடித்துக்கொண்டான். வாரம் தவறாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவியை வாய் நிறைய அண்ணி என்பான்.

பொடியைப் போடும் முன் ஹீட்டரை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறிக் கொதிகலன் வெடிக்கும். ஆரம்பத்தில் நாங்களே மயிரிழையில் தப்பினோம். பாடம் நடந்தபோது நான் சுவிட்சை முதுகால் மறைத்து நின்றேன். அவன் கண் பொடியின் மேல் இருக்கையில் என் கை பின்னால் போய் அணைத்துவிடும். அந்த இரைச்சலில் சுவிட்சுச் சத்தம் யாருக்குக் கேட்கும்? அவனே தனியாகச் செய்து பார்த்தபோதும் அங்கேதான் நின்றேன், ஒத்தாசைக்கு.

கிளம்பும்போது கேட்டான்: "அண்ணே, வேற ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

"அவ்வளவுதான் தம்பி. உனக்கு எல்லாம் அத்துப்படி."

அங்கே முதல் கலவையிலேயே வெடித்தது. அவனும் கூட நின்றவர்களும் போய்விட்டார்கள். அந்த ஊர் ஆட்களுக்குக் கவனம் போதாது என்று கம்பெனி முடிவு கட்டியது. எங்கள் கிளை பிழைத்தது. எல்லை தாண்டி அறிவைப் பகிர்ந்ததற்காக என்னை மேடையேற்றிக் கேடயம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காது.

வெடிக்கும் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். பக்கத்தில் யார் நிற்பார் என்றும் தெரியும். இதுவரை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் ஒளித்துப் பழக்கமில்லை.

மனைவி நச்சரித்ததால் அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன். நடுவில் மொழிபெயர்ப்பாளர். "கடைசி வரைக்கும் உங்களப் பத்தியேதான் பேசிட்டிருந்தானாம்," என்றார்.

தேம்பி அழுதேன். நடிப்பில்லை சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவனுக்காக என்னைப் போல அழுத ஆள் அந்தக் கம்பெனியில் வேறு யாரும் இல்லை.