எலுமிச்சை, புதினா, கொஞ்சம் ரம்

மேரி: டேய் ஸ்டீவா, இன்னாடா புதினாவுக்குத் தாலாட்டு பாடிக்கினு கீறே? மிக்சில போட்டு ஒரு ஓட்டு ஓட்டினா வேல முடிஞ்சுது.

ஸ்டீவன்: மிக்சிலயா! அக்கா... நான் கப்பல்லேர்ந்து போன் போட்டு உனுக்கு இன்னா சொன்னேன்? உள்ளங்கைல வச்சு ஒரு தட்டு. கிளாசுல போட்டு கரண்டிக் காம்பால ஒரு அமுக்கு. அவ்ளோதான்னு சொன்னேனா இல்லியா?

மேரி: சொன்னே, சொன்னே. யாரு அதெல்லாம் பார்த்துக்கினு...

பாக்கியநாதன்: மச்சான், உங்க அக்கா போட்டுக் குடுத்தது நீ சொன்ன அந்த மோஜிட்டோ காக்டெயில் இல்ல. புதினாத் தொவையல். தொட்டுக்க இட்லிதான் இல்ல.

மேரி: அய்ய, கிளாசுல ஒட்டினு இருந்தத வெரலு உட்டு வழிச்சது யாராம்?

பாக்கியநாதன்: வாரத்துக்கு ஒரே கிளாசு. வழிக்காம இன்னா பண்றது?

ஸ்டீவன்: அந்த அன்னாசிப்பழ அயிட்டம்? பினா கொலாடா?

பாக்கியநாதன்: அது பரவால்ல மச்சான். தேங்காப்பாலு, அன்னாசிப்பழம், ஐஸு... நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு ஏலக்கா வந்துச்சு. பாயாசம்னு நெனச்சுக்கினு எதிரூட்டு கங்கம்மா ஒரு டம்ளரு கேட்டுச்சு.

மேரி: குடுத்தேனா நானு? கர்த்தரே, எனுக்கு நெஞ்சு திக்குனு ஆயிடுச்சு. வயித்துக்கு ஆவாதுன்னு சொல்லி ஒரு கிண்ணம் சேமியா காச்சிக் குடுத்து அனுப்பினேன்.

ஸ்டீவன்: மை டாய்னு இன்னொரு அயிட்டம் சொன்னேனே, அது போட்டியா? பாதாம் சிரப்பு ஊத்தி...

மேரி: கும்மிடிப்பூண்டி பஜார்ல அதுக்கு எங்கடா போறது? பாதாம் பால் பவுடரு போட்டேன்.

பாக்கியநாதன்: காச்சக்காரனுக்குக் குடுக்கற மாதிரி இருந்துச்சு.

ஸ்டீவன்: அய்யய்யோ... கேட்டா எங்க கப்பல் பார் மேனேஜரு கடல்ல குதிச்சுடுவான்.

மேரி: சிரிடா, சிரி. ஆனா என் சொந்தச் சரக்கு ஒண்ணு கீது. நன்னாரி சர்பத்து, எலுமிச்சம்பழம், ரெண்டையும் தூக்குச் சட்டில ஊத்தி ஐஸு போட்டு மூடி, குலுக்கு குலுக்குன்னு குலுக்கிட்டு, மேல பன்னீர் சோடா. அதுக்குத்தான் இவரு உசுர உடுவாரு.

ஸ்டீவன்: அக்கா! அது டாப்புக்கா. டைக்கிரின்னு ஒண்ணு சொன்னேனே, அதுக்குச் சொந்தத் தங்கச்சி இது. சக்கரத் தண்ணிக்குப் பதிலா நன்னாரி. எங்க கப்பல்ல வச்சா வெள்ளக்காரன் வரிசைல நிப்பான். சரி, இன்னிக்கி அதையே போடலாம். ரம்மு எடு.

மேரி: எடுக்கறேன், எடுக்கறேன். இன்னா அவசரம்? மொதல்ல பழத்தப் புழி.

ஸ்டீவன்: புழிஞ்சாச்சு.

மேரி: ஐஸு ஒட.

ஸ்டீவன்: ஒடச்சாச்சுக்கா. பாட்டில் எங்க? அரிசி டின்னு பின்னாலயா?

மேரி: கைய வக்காத! அது என் டூட்டி. அளவு என் கையாலதான் போவணும். இந்த ஊட்டுச் சட்டம் அது.

பாக்கியநாதன்: ஆமா மச்சான். ஈரலு வீங்கிக்கினு கீது, இன்னும் தொட்டா ஆளே கெடையாதுன்னு திருவள்ளூர் டாக்டரு சொல்லிட்டாரு இல்ல? என்னால ஒரேடியா உட முடில. கம்பெனில கிரேன் மேல ஏறினா கை நடுங்குது. கீழ பத்துப் பேரு வேல செய்றான், மேல நான் ஆடிக்கினு கீறேன். அப்பதான் உங்க அக்கா பஞ்சாயத்து பண்ணா. பிராந்திக் கடப்பக்கம் தல வச்சுப் படுக்கக் கூடாது. சனிக்கெழம சாயந்தரம், ஊட்ல, இவ கையால கலந்து ஒரே கிளாசு.

ஸ்டீவன்: தெரியும் மாமா. அதுக்குத்தானே ஐஸு, பழம், எலன்னு கிளாச ரொப்பற அயிட்டமாப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்? ரம்மு கொஞ்சம், மத்தது நெறைய. ஆனா இன்னிக்கி நானே வந்துக்கீறேன். இன்னிக்கி ஒரு நாளு என் கையால...

மேரி: வேணாம்.

பாக்கியநாதன்: வேணாம் மச்சான்.

ஸ்டீவன்: இன்னா ரெண்டு பேரும் சர்ச் கோயர் மாதிரி சேர்ந்து பாடறீங்க? சரி, ஊட்டுச் சரக்கத் தொட வேணாம்னா உடுங்க. என் பையில ஜமைக்கா ரம்மு கீது. அசல். சாப்பாட்டுக்கு அப்புறம் அத...

மேரி: ஜமைக்காவா...

பாக்கியநாதன்: அசலா...

ஸ்டீவன்: மூஞ்சி ஏன் இப்டிப் போவுது? மாமா, நாக்குல ஒரு சொட்டு பட்டாப் போதும். இத்தினி வருசம் குடிச்சதெல்லாம் வெறுந்தண்ணின்னு தெரிஞ்சுடும்.

பாக்கியநாதன்: அதான்... அதான் பயம்.

மேரி: ன்னாங்க, பன்னீர் சோடா தீந்துடுச்சு. அசன் முகைதீன் பாய் கடைல ரெண்டு வாங்கினு வாங்க.

பாக்கியநாதன்: நேத்துதானே வாங்கினேன்?

மேரி: கேஸு போயிடுச்சு. போங்கன்றேன்ல.

பாக்கியநாதன்: போறேம்மா. மச்சான், நான் வர வரைக்கும் அந்த ஜமைக்காவத் தொறக்காத. சத்தியமாத் தொறக்காத.

ஸ்டீவன்: பார்த்தியாக்கா, மாமாவோட ஆசய...

மேரி: ஆசையும் இல்ல, தோசையும் இல்ல. வாசக் கேட்டு சாத்தின சத்தம் கேட்டுச்சா? போய்ட்டாரா? ஸ்டீவா, உன் கால்ல உழறேண்டா, அந்த பாட்டில அவரு கண்ணுலயே காட்டாத.

ஸ்டீவன்: ஏங்கா? வாரா வாரம் நீயேதானே குடுக்கறே? இரு, இதானே ஊட்டு பாட்டில்? ஒரு வாய் பார்க்கறேன்...

மேரி: டேய்! அப்டியே தூக்கி வாயில... மூடிய மூடு.

ஸ்டீவன்: அக்கா, இது டீ.

மேரி: மெதுவாப் பேசு.

ஸ்டீவன்: டீத்தண்ணிக்கா! சுக்கு கீது. லவங்கம் கீது. கருக்கின சக்கர கீது. ரம்மு எங்க? வேற பாட்டில் இல்லியா?

மேரி: ரம்மெல்லாம் முருங்க மரத்துக்கு.

ஸ்டீவன்: மரத்துக்கா?

மேரி: மாசம் பொறந்தா ஒரு பாட்டில் வாங்கியாந்து என் கைல குடுப்பாரு. அவரு ஷிப்டுக்குப் போனதும், மூக்கப் பொத்திக்கினு கொண்டு போயி மரத்தடில கொட்டிடுவேன். அந்த நாத்தம் எனுக்கு ஆவாதுன்னு உனுக்குத் தெரியும்ல? அப்புறம் இதக் காச்சி அதுல ஊத்தி வச்சிடுவேன். தொண்ட எரியணும்ல, அதுக்குத்தான் சுக்கு.

ஸ்டீவன்: எப்பலேர்ந்து?

மேரி: ஈஸ்டர் முடிஞ்சதுலேர்ந்து.

ஸ்டீவன்: மாமாவுக்குத் தெரியல? அத்தினி வருசம் ஊறின நாக்கு...

மேரி: பாவம்டா, அந்த டீத்தண்ணிக்கே அந்த மனுசனுக்கு ஏறுது. பாதி கிளாசு போனா கண்ணு சொருவுது. மீதியும் போனா சபைல பாடற ஞானப்பாட்டு. எனுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுக. இப்ப நல்லாக் கீறாருடா. மூஞ்சி வீக்கம் எறங்கிடுச்சு. நல்லாத் தூங்கறாரு. இப்பப் போயி அசல் சரக்கு நாக்குல பட்டுச்சுன்னா, இவ நம்மள ஏமாத்திக்கினு இருந்தாளான்னு நேரா கடைக்குத்தான் போவாரு. அப்புறம் அவரு இல்ல. என் தாலிய நீதாண்டா காப்பாத்தணும்.

ஸ்டீவன்: சரிக்கா... சரி. அழாத.

மேரி: பை எங்க வச்சே? குடு, நானே எங்கனா ஒளிச்சு...

ஸ்டீவன்: வேணாம்!

மேரி: ஏண்டா கத்தறே?

ஸ்டீவன்: கத்தல... நான் பார்த்துக்கறேன்னு சொல்றேன். தோ, மாமா வந்துட்டாரு.

பாக்கியநாதன்: இந்தா சோடா. அசன் பாய் கேக்கறாரு, இன்னா உங்க மச்சான் இந்த வாட்டி இத்தினி சீக்கிரம் திரும்பிட்டான்னு.

ஸ்டீவன்: கப்பல ரிப்பேருக்கு நிறுத்திக்கீறாங்க மாமா.

பாக்கியநாதன்: அதத்தான் நானும் சொன்னேன். மேரி, கொடில துணி கீது, மழ தூத்துது பாரு.

மேரி: மழயா? அய்யோ, உங்க யூனிபாரமு... இப்பதான் காஞ்சுது!

பாக்கியநாதன்: ஓடு, ஓடு... போய்ட்டாளா? மச்சான், கிட்ட வா.

ஸ்டீவன்: மழ எங்க மாமா தூத்துது?

பாக்கியநாதன்: மழயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஜமைக்காவ என் எதுருல எடுக்காத. உன் கூட்டாளி எவனுக்காவது குடுத்துடு.

ஸ்டீவன்: நீங்களுமா?

பாக்கியநாதன்: நீங்களுமான்னா?

ஸ்டீவன்: இல்ல... சொல்லுங்க.

பாக்கியநாதன்: நான் உட்டுட்டேன் மச்சான். லெந்து நாளுல, ஈஸ்டருக்கு முன்னால. வருசா வருசம் சபைல எழுந்து நின்னு சாட்சி சொல்லுவேன், இனிமே தொட மாட்டேன்னு. ஈஸ்டரு ராத்திரியே உழுந்து கெடப்பேன். ஊரே சிரிக்கும். மறுநாளு மேரி மூஞ்சில முழிக்க முடியாது. அதான் இந்த வாட்டி யாருக்கும் சொல்லல. ஆண்டவரு கிட்ட மட்டும் சொன்னேன்.

ஸ்டீவன்: அப்ப மாசா மாசம் வாங்கினு வர பாட்டில்?

பாக்கியநாதன்: கம்பெனி கேண்டீன்ல தாஹா பாய் கிட்டச் சொல்லி, பால் ஊத்தாத டீ. பழைய பாட்டில்ல ரொப்பி, மூடிய இறுக்கி... அவ மோந்து பார்க்க மாட்டா, அந்த நாத்தம் ஆவாது.

ஸ்டீவன்: டீயா!

பாக்கியநாதன்: சிரிக்காத மச்சான், என் பேஜாரு எனுக்கு.

ஸ்டீவன்: அப்புறம் இன்னாத்துக்கு மாமா ஞானப்பாட்டு?

பாக்கியநாதன்: உனுக்கு யாரு சொன்னா? பாடலன்னா சந்தேகப்படுவாளேப்பா! பாட்டு கூடப் பரவால்ல. கண்ணு சொருவறதுதான் கஷ்டம்.

ஸ்டீவன்: அக்கா கிட்டச் சொல்லிட்றதுதானே? எவ்ளோ சந்தோசப்படும்?

பாக்கியநாதன்: சொல்லிட்டு மறுபடியும் உழுந்துட்டேன்னா? அவளால இன்னொரு வாட்டி தாங்க முடியாது மச்சான். இன்னொண்ணும் கீது... வெக்கமாக் கீது சொல்ல.

ஸ்டீவன்: சொல்லுங்க.

பாக்கியநாதன்: கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் குடிச்சா அவ பக்கத்துலயே வர மாட்டா. கதவச் சாத்திக்கினு உள்ளாரப் போயிடுவா. இப்ப சனிக்கெழமன்னா பழம் நறுக்கறா, ஐஸு ஒடைக்கறா, எதுருல ஒக்காந்துக்கினு எப்டிக் கீது, எப்டிக் கீதுன்னு என் மூஞ்சயே பார்க்கறா. நான் நிறுத்திட்டேன்னு சொன்னா அதுவும் நின்னுடும்ல?

மேரி: ஏன் நிக்கும்?

பாக்கியநாதன்: மேரி... நீ எப்ப வந்தே?

மேரி: மழ இல்லாத எடத்துல எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருக்கறது? இன்னா சொன்னீங்க? கேண்டீன் டீயா? நான் மூக்கப் பொத்திக்கினு டீயக் கொட்டிட்டு டீய ஊத்திக்கினு இருந்தேனா?

பாக்கியநாதன்: நீ கொட்னியா? எத?

ஸ்டீவன்: மாமா, நீங்க ரொப்பினு வந்த டீய அக்கா முருங்க மரத்துக்கு ஊத்திட்டு, அதே பாட்டில்ல அது காச்சின டீய ரொப்பிச்சு. அதத்தான் ரெண்டு பேரும் ரம்மு ரம்முன்னு கலந்துக்கினு இருந்தீங்க.

பாக்கியநாதன்: அட, அதான் சுக்கு வாசனயா? நான் உன் கைப்பக்குவம்னு இல்ல நெனச்சேன்!

மேரி: போங்க அந்தாண்ட. கண்ண வேற சொருவிக்கினு... பாட்டு வேற.

பாக்கியநாதன்: பாட்டு மட்டும் அசலு மேரி. ஆமா, நீ அழறியா, சிரிக்கிறியா?

மேரி: ரெண்டுந்தான். ஈஸ்டர் முன்னாலயேவா உட்டீங்க? நெஜமா?

பாக்கியநாதன்: ஆண்டவரு மேல ஆணயா.

மேரி: அப்ப ஒரு சொட்டு கூட இனிமே இந்த ஊட்ல இருக்கக் கூடாது. ஸ்டீவா, எட்றா அந்த ஜமைக்காவ. கொட்டிட்டு வரேன்.

ஸ்டீவன்: அது... உடுக்கா. நாளிக்கு நான் எடுத்துனு போய்ட்றேன்.

மேரி: நாளிக்கு இன்னா நாளிக்கு? பை கட்டிலு மேலதானே கீது?

ஸ்டீவன்: அக்கா, தொடாத. அக்கா!

மேரி: இன்னாடா இது... லேசாக் கீது?

பாக்கியநாதன்: காலியா?

மேரி: ஒரு சொட்டு இல்ல. யாருக்குடா குடுத்தே?

பாக்கியநாதன்: மச்சான், உன் கை ஏன் இப்டி ஆடுது?

ஸ்டீவன்: ஐஸு ஒடச்சேன்ல மாமா, அதான்...

பாக்கியநாதன்: ஐஸு இல்லப்பா. கிரேன் மேல என் கை இப்டித்தான் ஆடிச்சு.

மேரி: ஸ்டீவா, என் மூஞ்சப் பாரு. கப்பலு ரிப்பேருதானே?

ஸ்டீவன்: கப்பலு ஓடிக்கினுதான் கீதுக்கா. என்னத்தான் எறக்கி உட்டுட்டாங்க. பார்ல ஊத்திக் குடுக்க நிக்கறவனே எடுத்துக் குடிச்சா... மேனேஜரு எத்தினி வாட்டி மன்னிப்பான்? அந்த பாட்டில நேத்து ராத்திரி ரயில்லயே, சென்ட்ரல் வரதுக்குள்ள முடிச்சுட்டேன். கீதுன்னு உங்க எதுருல சும்மா பந்தா உட்டுட்டேன்.

மேரி: அய்யோ, என் கண்ணு...

பாக்கியநாதன்: மேரி, சும்மா இரு. மச்சான், ஒக்காரு. இந்தா, நன்னாரி டீதான், ரெண்டு கையாலயும் புடிச்சுக்க. நடுக்கம் நின்னுடும், எனுக்கு நிக்கல? நாலஞ்சு வாரம் இங்கியே இரு.

மேரி: அவ்ளோ கஷ்டத்துலயும் நேரா அக்காவப் பார்க்கணும்னு தோணிச்சு பாரு உனுக்கு. அது போதும்டா எனுக்கு.

ஸ்டீவன்: உன்னப் பார்க்க வரலக்கா... சனிக்கெழமன்னா இந்த ஊட்ல ஒரு பாட்டில் தொறந்து இருக்கும்னுதான் வந்தேன்.